சேர்மனுக்குப் பத்தரை மணி

கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதுமே மீனக்காவின் கை தானாகப் போய்த் தொட்டி விளக்கின் சுவிட்சைத் தட்டியது. பளீரென்று வெள்ளை வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியது. அடுத்த நொடி உள்ளே ஒரே அமளி. பதினாலு நியான் மீன்களும் மூலைக்கொன்றாகச் சிதறி, பிறகு ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போய் அடைந்துகொண்டன. சேர்மன் கண்ணாடியில் 'டொக்'கென்று மோதித் திரும்பி, மரக்கட்டைக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் உடம்பைச் செருகிக்கொண்டார். உள்ளே வந்த தாயும் மகளும் தொட்டியைப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்தது, கூழாங்கல் இருந்தது, செடி இருந்தது. "மீன் எங்கம்மா?" என்றது குழந்தை. "தூங்குதுடா கண்ணு, அப்புறம் வரும்" என்றாள் மீனக்கா. ஒரு வாரமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டரம்மாவிடம் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். வரவேற்பு மேஜை, அப்பாயின்ட்மென்ட் நோட்டு, கருவிகளைக் கொதிக்கவைப்பது, டாக்டரம்மாவின் வலப்பக்கம் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது எல்லாம் அவள்தான். தொட்டியும் அவள்தான். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை. வாய் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த எத்தனையோ பிள்ளைகளை அந்தத் தொட்டி முன்னால் நிறுத்திப் பேச்சுக் கொடுத்து, நைசாக உள்ளே கூட்டிப் போயிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் மீனக்கா. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்த ஏஞ்சல் மீனுக்கு சேர்மன் என்று பெயர் வைத்தது மட்டும் அவள். காத்திருப்பவர்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்வையிட்டபடி, எதையும் செய்யாமல், எல்லாவற்றையும் தான்தான் நடத்துவதுபோல் போய்வருகிற ஒருவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பத்து நாளைக்கு முன்னால்வரை இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பழைய கிளினிக் மாடியில், பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் இருந்தது. ஒரு ட்யூப் லைட், தொட்டிக்கு மேல் மஞ்சளாக ஒரு சின்ன பல்பு, அவ்வளவுதான். இப்போது தெருவைப் பார்த்த தரைத்தளம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை. தொட்டிக்கும் புது விளக்கு வந்தது. அதை வாங்கி வந்தவர் டாக்டரம்மாவின் மாப்பிள்ளை, அவரும் பல் டாக்டர்தான். நல்ல மனிதர், ஆனால் பொறுமை என்பது அவர் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. பல் செட்டுக்கு அச்சு எடுத்தால் அது இறுகுவதற்குள் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பார். நோயாளிகள் முன்னால் மாமியாரை 'மேடம்' என்பார். ஏதாவது வேண்டுமென்றால் அது 'அத்தை' ஆகிவிடும்.

அன்று மதியம் 'அத்தை' ஆனது. "அத்தை, மீனே வெளிய வர மாட்டேங்குது. வெறும் தண்ணியப் பாத்துட்டு எல்லாரும் உக்காந்திருக்காங்க. பேசாம அந்தச் செவுத்துல ஒரு பெரிய டிவி மாட்டிடலாம். கார்ட்டூன் போட்டுவிட்டா பசங்க பாட்டுக்கு இருப்பாங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி மீனக்காவைப் பார்த்தார். மீனக்கா தரையைப் பார்த்தாள்.

"சனிக்கிழம வரைக்கும் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குள்ள பழையபடி வெளிய வந்து நீந்துச்சுன்னா தொட்டி அங்கயே இருக்கட்டும். இல்லன்னா கலர் மீன் கடைக்காரர்கிட்ட குடுத்துடலாம்மா. அதுங்களுக்கும் பாவம்தானே."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் மீனக்காவுக்கு இன்னும் வலித்தது. லீவு நாளிலும் பஸ் பிடித்து வந்து தீனி போட்டிருக்கிறாள். காய்ச்சலோடு வந்து தண்ணீர் மாற்றியிருக்கிறாள். வீட்டில் கணவர், "நாளைக்கு எனக்கும் ஒரு வால் முளைச்சாதான் என்னைக் கவனிப்ப போல" என்று கேலி செய்யும் அளவுக்கு அந்தத் தொட்டிமேல் அவளுக்கு உயிர். கடைக்காரர் சேர்மனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. டிவி என்ன, யாரையாவது நின்று நிதானமாகப் பார்க்குமா?

அன்றைக்குக் கடைசி நோயாளி ஒரு பஸ் டிரைவர். ஆள் கதவு நிறைய இருந்தார். கை ஒவ்வொன்றும் மண்வெட்டிக் கணக்கு. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், ஐந்து மணிக்கு வரச் சொன்னதற்கு நாலு மணிக்கே வந்துவிட்டார். சீக்கிரம் முடித்துக்கொண்டு போகிற அவசரம் இல்லை, பயம். மீனக்கா கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டி "அவங்க போகட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பெருந்தன்மை காட்டினார். கடைசியில் காட்டுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

"வாங்கண்ணே. ஒண்ணும் வலிக்காது."

"வர்றேன்மா, வர்றேன்." எழுந்திருக்கவில்லை. பேச்சை வளர்த்தால் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும், தொட்டியைக் கைகாட்டினார். "அது சரி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் வந்து ரெண்டு மணி நேரமாச்சு. அந்த லைட்ட நீங்க ஒன்பது தடவ போட்டு அணைச்சிட்டீங்க. எதுக்கு?"

"இல்லியேண்ணே."

"எண்ணிக்கிட்டு இருந்தேன்மா. எனக்கு வேற என்ன வேல? யாராவது வந்தா டப்புனு போடுறீங்க. உள்ள போனா டப்புனு அணைக்கிறீங்க. நாங்க ரோட்டுல போறப்ப எதிர்ல வர்றவன் திடீர்னு மூஞ்சியில லைட் அடிச்சான்னு வைங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணும் தெரியாது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அதுங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தன வண்டி எதிர்ல வருது!"

மீனக்கா அப்படியே நின்றுவிட்டாள். கை தன்னிச்சையாக இடுப்பில் துடைத்துக்கொண்டது. ஒன்பது வருடமாக அந்தக் கை கற்றுவைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். நோயாளி நாற்காலியில் சாய்ந்ததும் மேல் விளக்கைப் போட வேண்டும், எழுந்ததும் அணைக்க வேண்டும். சும்மா எரிந்தால் டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழைய இடத்தில் தொட்டியின் மஞ்சள் பல்புக்குச் சுவிட்சே இல்லை, காலையில் மெயின் போட்டால் எரியும், மாலையில் அணையும். இங்கே மேஜைக்குப் பக்கத்திலேயே சுவிட்ச். கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. மீன்கள் ஓய்வெடுக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் அணைப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சேர்மனைப் பகலெல்லாம் நாற்காலியில் படுக்கவைத்துப் பல் பார்த்திருக்கிறாள்!

வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. தான் செய்த தப்பு என்றால் தானே சரிசெய்துவிடலாம். ஒரு வாரத்தில் முதல்முறையாக நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

"ரொம்ப நன்றிண்ணே" என்றாள். "இப்ப உள்ள வாங்க."

"அடடா" என்றபடி டிரைவர் எழுந்தார்.

அவர் நாற்காலியில் கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தபோது அவள் வழக்கம்போல் விளக்கை முதலில் அவர் வயிற்றின்மேல் விழும்படி திருப்பிவைத்தாள். பயந்த பிள்ளைகளுக்குச் செய்கிற வேலை அது. முதலில் முழங்கால், பிறகு நெஞ்சு, பிறகு தாடை. பிள்ளை தன் கையை வெளிச்சத்தில் நீட்டி விரலை ஆட்டிப் பார்க்கும்வரை காத்திருப்பாள். வாய்க்குள் வெளிச்சம் போகும்போது அது பழகிய வெளிச்சமாக இருக்கும். டிரைவரின் சட்டைப் பொத்தான் மேல் கிடந்த வட்டத்தை மெல்ல மேலே நகர்த்திக்கொண்டே போனவள், பாதி வழியில் நின்றாள். மீனுக்கு முழங்கால் இல்லை, அவ்வளவுதான். மற்றபடி இதே வேலைதான்.

செவ்வாய்க்கிழமை தொட்டி விளக்குக்கு முழு ஓய்வு. ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டாள். நோயாளிகளின் கழுத்தில் கட்டும் நீலத் தாளில் நாலைந்தை எடுத்துத் தொட்டியின் பின்பக்கமும் இரு பக்கமும் ஒட்டினாள், வெள்ளைச் சுவரின் கூச்சம் மறைந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப் போய் மிதக்கும் செடி ஒரு பை நிறைய வாங்கிவந்து மேலே பரப்பினாள், கீழே ஆங்காங்கே நிழல் விழுந்தது. மாப்பிள்ளை டாக்டர் அந்தப் பக்கம் போகும்போது நின்று, "என்ன, தொட்டிக்கும் பல்லு புடுங்கப் போறோமா?" என்றார். அவள் சிரித்ததோடு சரி.

புதன்கிழமை தொட்டியின் கண்ணாடி மூடிமேல் காயத்துக்கு வைக்கிற மெல்லிய காஸ் துணியை எட்டு மடிப்பாக விரித்தாள். காலையில் முதலில் திரை. கால் மணி கழித்து அறை விளக்கு. அதற்கும் அரை மணி கழித்து, பத்தரைக்குத்தான் தொட்டி விளக்கு. எட்டு மடிப்புக்குள் வடிந்து வந்த வெளிச்சம் பழைய மஞ்சள் பல்பின் அளவுக்குக்கூட இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு முதலில் அது அணையும், அரை மணி கழித்து அறை. நடுவில் யார் வந்தாலும், ஊரே திரண்டு வந்தாலும், சுவிட்சைத் தொடக்கூடாது. கை சும்மா இருக்குமா? இருக்காது என்று தெரிந்து சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்தாள். அன்று மட்டும் மூன்று தடவை அந்தப் பிளாஸ்திரியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். நேரம் தவறிவிடக் கூடாதே என்று அப்பாயின்ட்மென்ட் நோட்டிலும் குறித்துவைத்தாள்.

வியாழக்கிழமை அது வம்பாகிப்போனது. அவள் உள்ளே இருந்த நேரம், மாப்பிள்ளை டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தவர்களைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "பத்தரை அப்பாயின்ட்மென்ட், சேர்மன். சேர்மன் யாருங்க? சார், உள்ள வாங்க." யாரும் எழவில்லை. எந்த ஊருக்குச் சேர்மனோ, கூட்டத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார் போலும் என்று அவர் இன்னும் மரியாதையாக, "சேர்மன் சார் வந்துட்டாங்களா?" என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மீனக்கா ஓடிவந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "டாக்டர், அது... அவரு அங்க இருக்காரு" என்று தொட்டியைக் காட்டினாள்.

சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தது பஸ் டிரைவர். அவருக்கு அடுத்த சிட்டிங் சனிக்கிழமைதான். "இந்தப் பக்கமா வந்தேன், மீன் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லி வந்து உட்கார்ந்திருந்தார். பல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடாமலே வந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை டாக்டருக்கு மட்டும் காது மடல் சிவந்துவிட்டது. "சனிக்கிழம டிவிக்கு அளவு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆனால் அன்று மத்தியானம் மடிப்பு ஆறாகக் குறைந்திருந்தபோது, நியான்களில் நாலு, ஃபில்டர் குழாயைவிட்டு ஒரு சாண் தூரம் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போயின. வெளிறிக் கிடந்த நீலக் கோடு மறுபடி தெரிந்தது. வெள்ளிக்கிழமை நாலு மடிப்பு, ஒன்பது மீன் வந்தன, தீனியைத் தின்றன. சேர்மன் மட்டும் அசையவில்லை. மரக்கட்டைக்குப் பின்னால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு கண்ணால் வெளியே பார்த்தபடி நின்றார். "என்னைய மன்னிச்சிடுங்க சார்" என்று மீனக்கா யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடியோரம் குனிந்து சொன்னாள். "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க." சேர்மன் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. பதினொரு மணிக்குத் தெருவில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. டிரைவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி, ஊசி போட்ட பக்கம் மரத்துப்போய், கூரையைப் பார்த்துக் கிடந்தார். டாக்டரம்மா இடப்பக்கம், குழாயைப் பிடித்துக்கொண்டு மீனக்கா வலப்பக்கம். வெளியே மாப்பிள்ளை டாக்டர் அளவெடுக்கும் நாடாவைச் சுவரில் இழுக்கும் சத்தம் கேட்டது. தொட்டிமேல் இரண்டு மடிப்பு மிச்சம்.

கரண்ட் போனது.

இன்வெர்ட்டரில் நாற்காலி விளக்கும் எச்சில் குழாயும் மட்டும் ஓடின, மற்றதெல்லாம் நின்றது. "வந்துடும், அப்படியே இருங்க" என்றார் டாக்டரம்மா. வந்துவிடும்தான். மீனக்காவுக்குச் சுரீரென்றது. வந்தால் எப்படி வரும்? மூடிய வானத்து இருட்டில், அறை விளக்கும் தொட்டி விளக்கும் ஒரே அடியாக, டப்பென்று வரும். நாலு நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாகிவிடும்.

ஒன்பது வருடத்தில் செய்யாததை அப்போது செய்தாள். "அண்ணே, கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்று குழாயை டிரைவரின் அந்தப் பெரிய கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் கவனமாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு வாயடைத்துப்போனது. அந்த அறையில் வாய் திறந்திருந்தது டிரைவருக்கு மட்டும்தான்.

தொட்டி விளக்கின் பிளக்கை அவள் பிடுங்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. அறை விளக்குகள் எரிந்தன. தொட்டி மட்டும் அமைதியாக இருட்டில் கிடந்தது. மாப்பிள்ளை டாக்டர் நாடாவும் பென்சிலுமாக அவளையே பார்த்தார். விளக்கம் சொல்ல நேரம் இல்லை. உள்ளே ஒரு மனிதர் தன் எச்சிலைத் தானே உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர், ஒரு உதவி" என்றாள் மூச்சிரைக்க. காஸ் துணியை மறுபடி எட்டாக மடித்து மூடிமேல் விரித்தாள். "அஞ்சு நிமிஷம் கழிச்சு பிளக்க மாட்டுங்க. அப்புறம் நூறு எண்ணுங்க. நூறு ஆனதும் ஒரு மடிப்பு எடுங்க. மறுபடி நூறு. அவசரப்பட்டா எல்லாம் போச்சு. ப்ளீஸ் டாக்டர்."

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே ஓடினாள். யாரிடம் ஒப்படைத்தோம் என்பது குழாயைத் திரும்ப வாங்கிய பிறகுதான் உறைத்தது. அச்சு இறுகும்வரைகூடப் பொறுக்காத மனிதர். அந்தத் தொட்டி போக வேண்டுமென்று நினைக்கிற ஒரே ஆள். ஒரேயடியாகத் துணியை உருவிப் போட்டால் யார் கேட்பது? முகக்கவசத்துக்கு மேலே டாக்டரம்மாவின் புருவம் நிறையச் சொன்னது. மீனக்கா குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காதை வெளியே வைத்திருந்தாள்.

வெகுநேரம் சத்தம் இல்லை. பிறகு மெதுவாக, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் ஒரு குரல்.

"...பதினெட்டு, பத்தொன்பது, இருபது..."

டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. "யாரு அது, மாப்பிள்ளையா?"

"ஆமாம்மா."

"...நாப்பத்தி மூணு, நாப்பத்தி நாலு..."

டிரைவரின் வயிறு குலுங்கியது. வாயைத் திறந்தபடி சிரிக்க முடியாது என்பதால் சிரிப்பு முழுவதும் வயிற்றிலேயே நடந்தது. "அசையாதீங்க" என்ற டாக்டரம்மாவின் குரலும் நடுங்கியது. முதல் நூறு முடிந்தது, இரண்டாவது தொடங்கியது. காத்திருந்தவர்களில் யாரோ ஒரு குழந்தையும் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. எழுபத்தொன்பதுக்குப் பிறகு என்ன என்பதில் குழந்தைக்கும் டாக்டருக்கும் தகராறு வந்து தீர்ந்தது. மூன்று, நாலு, ஐந்து. பல் அடைத்து முடிந்தது. டாக்டரம்மா கடைசியாக மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது ஆறாவது நூறு ஓடிக்கொண்டிருந்தது.

"...அம்பத்தி ஒன்பது, அறுபது, அறுபத்தி ஒண்ணு..."

எண்ணிக்கை நின்றுவிட்டது.

மீனக்கா எச்சில் குழாயைக் கொக்கியில் மாட்டினாள். டாக்டரம்மா விளக்கைத் தள்ளிவிட்டு எழுந்தார். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வாசலுக்கு வந்தார்கள், கழுத்தில் நீலத் தாளோடு டிரைவரும்.

காத்திருந்த ஏழெட்டுப் பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை டாக்டர் நூறு ஆனதும் எடுக்கத் தயாராக அடுத்த மடிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி அப்படியே நின்றார், மூச்சுகூட விடுகிறாரா என்று தெரியவில்லை. நாடா காலடியில் கிடந்தது. அவர் முகத்துக்கு நேரே, ஒரு விரல்கடைத் தூரத்தில், துடுப்புகளை மேலும் கீழும் முழுதாக விரித்துக்கொண்டு சேர்மன் நின்றிருந்தார். கறுப்புப் பட்டைகள் மை வைத்ததுபோல் அழுத்தமாக இருந்தன. அவர் மாப்பிள்ளை டாக்டரை நெற்றியிலிருந்து தாடைவரை பார்வையிட்டார். பார்த்து முடித்துவிட்டு நிதானமாக அடுத்த ஆளிடம் நகர்ந்தார். பின்னாலேயே பதினாலு நீலக் கோடுகள்.

மீனக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினால் மீன் பயந்துவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டாள்.

"ஏன் மாப்ள நிறுத்திட்டீங்க?" என்றார் டாக்டரம்மா, காதோடு காதாக. "எண்ணுங்க. இன்னும் மூணு மடிப்பு இருக்குல்ல."

"அறுபத்தி ரெண்டு" என்று மாப்பிள்ளை டாக்டர் கிசுகிசுத்தார். "அறுபத்தி மூணு."

டிரைவர் மெல்ல முழங்காலை மடித்துத் தொட்டிக்கு முன்னால் குந்தினார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை, சேர்மன் மட்டும் திரும்பி வந்தார். டிரைவர் வாய் நிறையச் சிரிக்கப் பார்த்தார். மரத்துப்போன பக்கம் அப்படியே இருக்க, மறுபக்கம் மட்டும் மேலே போய்க்கொண்டே இருந்தது.